மாடி ஏறிய சீக்கு

கடை ஷட்டரைப் பாதி தூக்கியபோது போன் வந்தது. காசிம் இக்காவின் மகன். "அத்தா மௌத்தாயிட்டாங்க, அக்கா" என்றான். சாவுச் செய்தி கேட்டு எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அது தணிந்தபாடில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மட்டாஞ்சேரியில் எங்கள் மெடிக்கல் ஷாப்பின் முதலாளியும் பார்மசிஸ்ட்டும் காசிம் இக்காதான். பள்ளுருத்தியிலிருந்து பஸ் ஏறி வந்து அவரோடு கவுண்டரில் நின்றே என் பாதி ஆயுள் போனது. வீட்டுத் தமிழும் கொச்சி மலையாளமும் கலந்து பேசுவார். அன்பாகப் பேசுவதும் அதட்டுவதும் அவருக்கு ஒரே குரலில்தான்.

இளவயதில் அவருக்கே அல்சர். அப்போது பஜாரில் மூட்டை தூக்குகிறவர், கணக்கு எழுதுகிறவர் என்று யாரைக் கேட்டாலும் வயிற்றுப்புண் என்பார்களாம். வெறும் வயிற்றில் சாயா குடித்ததால் வந்தது என்று நம்பி, ஆறின பாலாகக் குடித்துத் தீர்ப்பார்கள். இக்காவின் அண்ணனுக்கு வயிற்றையே வெட்டித் தைத்தார்கள். பிறகுதான் புண்ணுக்குப் பின்னால் ஒரு கிருமி இருப்பது தெரிந்து, அதைக் கொல்லும் மாத்திரை வந்தது. அதைச் சாப்பிட்டு இக்கா குணமானார். கடைக்கு அல்சர்க்காரர்கள் வருவதும் மெல்லக் குறைந்தது.

அந்த இடத்துக்கு வேறு கூட்டம் வந்தது. நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம். ராத்திரி பொரோட்டாவும் பீஃபும் தின்றுவிட்டு அப்படியே படுக்கிறவர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், 'கேஸ்'. "முன்னாடி சீக்கு கீழ்வீட்டுல இருந்துச்சு வள்ளி. இப்போ மாடிக்குக் குடிபோயிடுச்சு" என்பார் இக்கா. வயிற்றை விட்டு உணவுக்குழாய்க்கு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

கேஸ் மாத்திரைக்கு யார் வந்தாலும் அவரிடம் ஒரு கேள்வி இருந்தது: "தின்னது நெஞ்சுல தடஞ்சு நிக்குதா?" ஆமாம் என்றால் மாத்திரை கிடையாது. ஆஸ்பத்திரியில் தொண்டை வழியே காமிரா விட்டுப் பார்த்துவிட்டு வா என்று விரட்டுவார். வல்லார்பாடத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டும் சாபு அப்படி விரட்டப்பட்டவர். கடை வாசலில் நின்று கத்திவிட்டு, வீம்புக்காகவே போய்ப் பார்த்தார். உணவுக்குழாயில் புற்று, ஆரம்பத்திலேயே அகப்பட்டது. ஆபரேஷன் முடிந்து இன்றும் லாரி ஓட்டுகிறார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பாதி ஸ்ட்ரிப் கேட்கிறவர்களுக்கு வெட்டிக் கொடுப்போம். மீந்த துண்டுகள் ஒரு டப்பாவில் கிடக்கும். வீணாகக் கூடாதென்று அந்தத் துண்டுகளிலிருந்து கேஸ் மாத்திரை எடுத்து விழுங்கிக்கொண்டிருந்தார். முழு ஸ்ட்ரிப்பைத் தொட்டதே இல்லை, அதனால் எவ்வளவு போகிறதென்று அவருக்கே தெரியவில்லை. பொரோட்டாவை விட்டார். ரஸ்க்கைச் சாயாவில் ஊறவைத்தார். கடைசியில் வெள்ளிக்கிழமை பிரியாணியைக்கூட என் பக்கம் தள்ளினார். அவருடைய கேள்வியை அவரிடமே கேட்டேன். சண்டையும் போட்டேன்.

"தடையுமில்ல, ஒண்ணுமில்ல. சும்மா இரு வள்ளி. இது என்னோட பழைய அல்சர். அதுக்கு என்னைத் தெரியும், எனக்கு அதைத் தெரியும்."

பழைய அல்சராம்! அந்தக் கதை முடிந்துவிட்டதென்று ஊருக்கெல்லாம் சொன்னவர், தனக்கென்று வந்ததும் டம்ளரில் பாலை ஆற்ற ஆரம்பித்தார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? சாயாவும் இறங்காமல் போன பிறகுதான் காமிராவுக்குச் சம்மதித்தார். உணவுக்குழாய்ப் புற்று முற்றிவிட்டதென்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் என் முகத்தைப் பார்த்ததுமே திட்டப்போகிறேன் என்று புரிந்துகொண்டார். "மாடிக்குப் போயிடுச்சுன்னு நான்தானே சொன்னேன்" என்றார் மெல்ல. "என் வீட்டுல மட்டும் கீழேயே இருக்கும்னு நெனச்சுட்டேன்."

அடக்கம் முடிந்து கடை திறந்த அன்று முதலில் வந்தவர் சாபு. கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். என்னை விரட்டினாரே, அவரை விரட்ட ஆளில்லையா என்று மலையாளத்தில் கேட்டார். நான் இருந்தேன், அவர் போகவில்லை என்றேன்.

சாபு நிற்கும்போதே ஒருவர் வந்து கேஸ் மாத்திரை கேட்டார். இக்காவின் கேள்வியைக் கேட்டேன். குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. அவர் தயங்கி, சோறு சில சமயம் நிற்கிறது என்றார். எடுத்த ஸ்ட்ரிப்பைத் திரும்ப வைத்தேன்.

போய் வாருங்கள், இக்கா. உங்கள் கேள்விக்கு ஊர்க்காரர்கள் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். பொய் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான்.