கீழ்பென்னாத்தூர் சபையைப் பூட்டிய ஞாயிறு

போன வாரம் தேரடித் தெரு ஜெராக்ஸ் கடைக்காரர் மேஜையைத் துடைக்கும்போது ஒரு பழைய கார்பன் தாளை எடுத்துக் குப்பையில் போட்டார். அந்த மைவாடை மூக்கில் ஏறியதும் எனக்கு ஞானமுத்து போதகர் ஞாபகம். வாடை எங்கே இழுத்துக்கொண்டு போகிறது பாருங்கள்.

இருபத்தொரு வயதில் அவர் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கிற சபை அது. ஊரே ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கொதிக்க வைக்கும்போது எங்கள் ஊர் அடி அண்ணாமலையிலிருந்து நான் மட்டும் டவுன் ஆபீசுக்கு வேலைக்குப் பஸ் ஏறுவேன். "பாவம், இந்தப் பொண்ணுக்குக் கிழமையே தெரியல" என்று பக்கத்து வீட்டில் சிரிப்பார்கள். பிள்ளையாருக்குக் கற்பூரம் காட்டிவிட்டுப் போய் சபைக் கடிதங்களை அடிப்பவள் நான். போதகர் ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

இளம் வயதில் சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போய் ஊழியம் செய்தவர் அவர். முதலில் உருவானது கீழ்பென்னாத்தூர் சபை. கூலிவேலை செய்த ரூத்தம்மாவுக்கு அங்கே ஏரியில் முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தாராம். பிறகு போதகரையே சபைகளுக்கெல்லாம் நிர்வாகி ஆக்கினார்கள். சின்னச் சபைகளை மூடி டவுனோடு சேர்க்கச் சொல்லி மேலிடத்துக் கடிதம் வந்தபோது, பட்டியலில் முதல் பெயர் கீழ்பென்னாத்தூர்.

"எழுதிக்கோங்கம்மா" என்று மூடும் உத்தரவைப் போதகர் சொல்லத் தொடங்கினார். குரல் மாறவில்லை. ஒரு எழுத்துப்பிழை விட்டிருந்தேன். திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஞாயிறு, பதிவேடுகளை எடுத்துவர என்னையும் கூட்டிப்போனார். ரூத்தம்மா வாசலில் நின்றிருந்தார். போதகரை அங்கே ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஐயரே, எங்கள கூட்டியாந்ததும் நீங்க, பூட்றதும் நீங்களா?"

"ஆமாம்மா, நான்தான்" என்றார் போதகர். "டவுனுக்கு வந்துடுங்க. பஸ் இருக்குது."

"பஸ்ஸு இருக்குது" என்று மட்டும் சொன்னார் ரூத்தம்மா.

போதகர் பூட்டைப் போட்டு ஒருமுறை இழுத்துப் பார்த்தார். திரும்பும்போது வாங்கிய வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியிலேயே வைத்திருந்தார். நான் என்னுடையதைத் தின்று முடித்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், பசிதான் வந்தது.

ரூத்தம்மா டவுனுக்கு வரவேயில்லை. சனிக்கிழமைப் பிரசங்கத்தில் ஐயா வாசலையே பார்ப்பார் என்று வாட்ச்மேன் சொல்வார். சில வருஷத்தில் போதகர் இறந்துபோனார். சேதி கேட்ட அன்று துணி துவைத்தேன், சமைத்தேன்.

நேற்று கீழ்பென்னாத்தூர் போனேன். அந்த இடத்தில் இப்போது வேன்கள் நிற்கின்றன. "இங்க ஒரு கோயில் இருந்துச்சே தம்பி?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

"எந்தச் சாமி கோயில், அக்கா?"

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.