மாடிக்கும் அண்ணன் பெயர்தான்

ராயபுரத்தில் இருக்கும் என் வக்கீல் ஆபீசுக்கு வந்த அந்தத் துறைமுகத்து கிரேன் ஆபரேட்டருக்கு ஆறடி உயரம், உட்கார்ந்தே வேலை பார்ப்பவரின் தொப்பை. "அண்ணன்" என்று சொல்லும்போதெல்லாம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து உட்காருவார். அந்த அண்ணன் மீதுதான் வழக்குப் போட வந்திருந்தார்.

"மாடி கட்டிக்கோ, அது உனக்குத்தான்" என்று அண்ணன் வாயால் சொன்னதை நம்பி, கொருக்குப்பேட்டையில் அண்ணன் வீட்டின் மேல் தன் பி.எஃப். பணத்தைப் போட்டு மாடி எழுப்பியிருக்கிறார். இப்போது அண்ணன் மொத்த வீட்டையும் விற்கப் போகிறார். ஒருவர் சொல்லை நம்பி இன்னொருவர் கட்டிய பிறகு, சொன்னவர் பின்வாங்கக் கூடாது என்று வாதாடச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் கட்டியது இவர்தான் என்று காட்ட ஒரு காகிதமாவது வேண்டாமா? மாடியின் கரண்ட் கனெக்‌ஷன்கூட அண்ணன் பெயரில். அலைந்து வாங்கியவர் இவரே.

"உங்க பேர்ல வாங்கியிருக்கக் கூடாதா?" என்று எரிந்து விழுந்தேன்.

"அண்ணன் இருக்கசொல்ல என் பேர்ல எப்டி சார் வாங்குவேன்?"

மனுவைப் படித்துக் காட்டினேன். 'ஏமாற்றினார்' என்ற இடத்தில் கையை நீட்டித் தடுத்தார்.

"ஏமாத்தல சார். மறந்துட்டாரு. அப்டி எழுதிக்கோங்க."

நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அப்போது அவர் செல்போன் அடித்தது. யார் என்று பார்த்ததும் முழுதாக எழுந்து நின்றுவிட்டார்.

"வக்கீலாண்ட கீறேண்ணே. ஆமா, நம்ம கேசுதான். வரசொல்ல சுகர் மாத்திரைய நானே வாங்கியாந்துர்றேன்."

பேசி முடிக்கும் வரை உட்காரவில்லை. நான் 'ஏமாற்றினார்' என்பதை அடித்துவிட்டு, 'மறந்துவிட்டார்' என்று எழுதினேன். இந்த மனுவோடு எந்த நீதிபதி முன் போய் நிற்பது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.