பத்தொன்பது படிகளும் ஒன்பது வாக்கியங்களும்

காலை 9.40. பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குப் படகு. ஆளுக்கு இரண்டு வெள்ளி. ரிங்கிட்டை இங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றே சொல்கிறார்கள். கால் மணி நேரத்தில் ஜார்ஜ் டவுன். என் மனைவி சரோஜாவுக்கு வலது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்து நான்கு மாதம் ஆகிறது. நடக்கலாம், படி ஏறக் கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. பயணம் முழுக்க எனக்கு அதே கவலை.

படகுத்துறையிலிருந்து விடுதிக்குக் காரில் எட்டு வெள்ளி. ஓட்டுநர் தியாகு, நாற்பது வயதிருக்கும், பெட்டிகளை உள்ளே கொண்டுவந்து வைத்தார். கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த பழைய கடைவீட்டை விடுதியாக்கியிருக்கிறார்கள். நுழைந்ததும் மரப்படிகள் கண்ணில் பட்டன. ஏணி மாதிரி செங்குத்தாக, பத்தொன்பது. எங்கள் அறை மாடியில். இணையத்தில் பார்த்த படத்தில் கட்டில் இருந்தது, படிக்கட்டு இல்லை.

விடுதிக்காரர் ஒரு சீன அம்மாள். அவரிடம் ஆங்கிலத்தில் விளக்கினேன். முப்பத்தொரு வருடம் அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதியவன், பிழையில்லாமல்தான் பேசினேன். அறுவை சிகிச்சையில் தொடங்கி, மருத்துவர் சொன்னது, படத்தில் படிக்கட்டு இல்லாதது, முன்பணம் கட்டியது என்று வரிசையாகப் போனேன். ஐந்தாவது வாக்கியத்தில் அவர் முகம் இறுகியது. ஏழாவதில், "நோ ரீஃபண்ட், அங்கிள்," என்றார். பணத்தையா கேட்டேன்? மறுபடி அறுவை சிகிச்சையிலிருந்து தொடங்கினேன்.

"நோ ரீஃபண்ட்!"

"விடுங்க, மெதுவா ஏறிடறேன்," என்று சரோஜா கைப்பிடியைப் பற்றி முதல் படியில் காலை வைத்துவிட்டாள்.

தியாகு சிரித்தார். இந்த ஊர்க்காரர்கள் எந்த மொழியில் பேசினாலும் ஒரு 'லா' சேர்த்துக்கொள்கிறார்கள். "அங்கிள், நம்ம கோயில் கூட்டத்துல தலைவர் பேசற மாதிரியே பேசறீங்க லா. சாப்பாடு எங்கன்னு கடைசியிலதான் சொல்வாரு. அதுக்குள்ள பாதிப் பேரு கெளம்பிருவாங்க."

"காரணத்தைச் சொல்லாம எப்படித் தம்பி கேக்கறது? மரியாதையா இருக்குமா?"

"ஆபீஸ் கடிதத்துல 'பொருள்'னு மேலயே போடுவீங்களே, அது மட்டும் மரியாதையா?" என்றாள் சரோஜா, படியில் நின்றபடியே.

எண்ணிப் பார்த்தேன். நான் சொல்ல நினைத்தது ஒன்பது வாக்கியங்கள். கீழே அறை வேண்டும் என்பது ஒன்பதாவது. அதுவரை போகவே இல்லை.

"வீ நீட் எ ரூம் டவுன்ஸ்டேர்ஸ், ப்ளீஸ். மை வைஃப் கேன்ட் கிளைம்ப்."

"டவுன்ஸ்டேர்ஸ் ஆ? ஹேவ் லா! வொய் யூ நெவர் சே?" அந்த அம்மாளே ஓடிவந்து சரோஜாவின் கையைப் பிடித்து இறக்கினார்.

அறை சமையலறையை ஒட்டியது. எட்டடிக்குப் பத்தடி. படி ஒன்றுகூட இல்லை.

தஞ்சாவூரில் எங்கள் வீட்டுக்காரரிடம் குழாய் ஒழுகுகிறது என்று சொல்வதற்கு முன் அவர் மகள் பிரசவத்தை விசாரித்தாக வேண்டும். எடுத்த எடுப்பில் குழாயைப் பற்றிப் பேசினால் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேச மாட்டார். இந்த ஊருக்கு அது சரிப்படாது.

மூன்றாம் நாள் காலை 8.15. சாவியைக் கொடுத்தபோது அந்த அம்மாள், "ரூம் ஓகே, அங்கிள்?" என்று கேட்டார். ஐந்து மணிக்கே சமையலறையில் பாத்திரச் சத்தம், சொட்டும் குழாய், சாத்த வராத ஜன்னல் என்று என்னிடம் குறைகள் பதினொன்று இருந்தன.

"ஷி ஸ்லெப்ட் வெல். தேங்க் யூ," என்றேன்.

தீவிலிருந்து திரும்பும் படகுக்குக் கட்டணம் இல்லை. பதினொன்றையும் அதில் சரோஜாவிடம் சொல்லத் தொடங்கினேன். ஏழாவதில் அவள் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.