பச்சை வலைக்குள் எழும்பிய கடை

கல்முனை டவுனில் இன்று கண்ணாடிச் சுவரோடு நிற்கிற அந்தப் பெரிய கடை, எனக்குக் கல்யாணம் முடிந்த புதிதில் ஓடு போட்ட கட்டிடமாக இருந்தது. துணி, பீங்கான், செருப்பு எல்லாம் அங்கேதான். நான் உள்ளே போனதில்லை. என் கணவர் நாலைந்து சாரியைக் கடதாசியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு வருவார். பிடித்ததை நான் எடுப்பேன், மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். தெரிந்த ஆட்களை நம்பிக் கடையில் அப்படிக் கொடுத்தனுப்புவார்கள்.

பிறகு ஓட்டைக் கழற்றி மாடி எழுப்பி, மேலே பெண்களுக்கென்று ஒரு பகுதி வைத்தார்கள். ஒரு பெருநாளைக்கு வாசல் வரை போனேன். உள்ளே ஒரே சனம். முக்காட்டை இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

"உள்ளுக்க என்ன, யானையா நிக்கிது?" என்று அவர் சிரித்தார்.

"யானையெண்டாப் பரவாயில்ல. எல்லாம் ஆக்கள்."

எங்களுக்கு வயது போன காலத்தில் அந்த மாடியையும் இடித்தார்கள். கண் கிளினிக்குக்குப் போகிற வழியில் அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பார். வேலை நடக்கிற இடத்தைச் சுற்றிக் கட்டியிருந்த பச்சை வலைக்குள்ளே ஒவ்வொரு முறையும் கட்டிடம் கொஞ்சம் உயர்ந்திருக்கும்.

"திறக்கட்டும் புள்ள, நாம ரெண்டு பேரும் உள்ளுக்க போவம். ஓடுற படியெல்லாம் வெக்காங்களாம்."

"ஓம், போவம்" என்றேன். அதற்குப் பிறகு அந்த வலையை எப்போது கழற்றுவார்கள் என்று அவரைவிட நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கழற்ற முன்னமே அவர் மௌத்தாகிவிட்டார். கடை திறந்த அன்று நான் இத்தாவில், கணவனை இழந்தவள் வெளியே போகாத அந்த நாலு மாதத்தில், வீட்டுக்குள் இருந்தேன். ஒலிபெருக்கிச் சத்தம் ஜன்னலால் வந்தது.

இத்தா முடிந்து, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் மகள் என்னைக் கூட்டிப் போனாள். ஓடுகிற படிக்கு முன்னால் வந்ததும் எனக்குக் கால் எழும்பவில்லை.

"காலை வைங்க உம்மா, பின்னுக்கு ஊரே நிக்கிது!"

எங்களுக்கு முன்னால் வயதான ஒரு சோடி ஏறிப் போனது. அந்த மனுசன் பயத்தில் மனைவியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார், அத்தனை பேருக்கும் நடுவில். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் கணவர் ஒரு நாளும் தெருவில் என் கையைப் பிடித்ததில்லை. இங்கே பிடித்திருப்பார். நானும் கையை எடுத்திருக்க மாட்டேன்.

மேலே போனதும் மகள் சாரிப் பக்கம் திரும்பினாள்.

"கீழ போய் இன்னொருக்கா ஏறி வருவமா?" என்றேன்.

"ஆ, உம்மாக்குப் பயம் போய்ட்டு!" என்று சிரித்தாள்.

பயம் எங்கே போனது. இரண்டாம் முறை, பக்கத்தில் அவருக்கென்று இடம் விட்டுப் படியில் காலை வைத்தேன்.