நூறு கோடி நிறம்

கொம்பியூட்டர்க் கடைக்காரனுக்குப் பொறுமை முக்கியம் என்று சொல்கிறவர்கள் எவரும் கொம்பியூட்டர்க் கடை வைத்திருப்பவர்கள் அல்ல. கல்முனை பஸாரில் மொனிட்டரும் கிராபிக்ஸ் கார்டும் விற்கிற எனக்கு அது கிடையாது. என்னைப்போல் விற்றுவிட்டு வாங்கிக்கட்டிக்கொள்ளும் சகோதரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சும்மா கிடந்த கார்ட்

கலியாண வீடுகளில் படம் எடுக்கும் பாறூக் காக்கா, என்னிடம் வாங்கிய புதுக் கிராபிக்ஸ் கார்டால் ஒரு வித்தியாசமும் இல்லையென்று கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது சத்தம் போட்டார். பின்னேரம் அவருடைய ஸ்டூடியோவுக்குப் போனேன். மொனிட்டர் விலை கூடிய, நல்ல மொனிட்டர். அதன் வயர் புதுக் கார்டில் இல்லை, கார்ட் வருவதற்கு முந்திய பழைய துளையிலேயே செருகியிருந்தது. கோபத்தை விழுங்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்தேன். "நல்லா இருந்த வயர நான் ஏன் கழட்டணும்? வித்த நீங்கதானே சொல்லியிருக்கணும்" என்றார்.

கண்ணில் பிழை

மருதமுனையில் கைத்தறிச் சாரிகளுக்கு டிசைன் போடும் நஸீரா ராத்தா என்னிடம் மொனிட்டர் வாங்கினார். ஒரு கிழமையில் பென் ட்ரைவோடு வந்துவிட்டார். பெருநாளுக்குத் தறிக்காரர் கேட்ட முந்தானை. கடும் சிவப்பு மெல்ல மெல்ல ரோசாவாக வேண்டும். திரையில் அது படி படியாக வெட்டித் தெரிகிறதாம்.

நான் பெட்டியைக் காட்டினேன். பத்து பிட், நூறு கோடி நிறம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சாதாரண எட்டு பிட்டை விட ஒவ்வொரு நிறத்திலும் நாலு மடங்கு சாயல். அதில் எங்கே படி தெரியும்? மொனிட்டரில் பிழையில்லை, கண்ணைக் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்று எரிந்து விழுந்தேன். பென் ட்ரைவை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தார். "ஓம் தம்பி, வயசும் போகுது. கண்ணாத்தான் இரிக்கும்" என்றார்.

கொழும்பு பதில்

அந்தத் தறிக்காரரைப் பிறகு பஸாரில் கண்டேன். கண் சரியில்லையென்று சொல்லி ராத்தா ஓடரை வேறொருவருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டாராம். பென் ட்ரைவை எடுத்துக்கொண்டு பாறூக் காக்காவின் ஸ்டூடியோவுக்கு ஓடினேன். அவருடைய திரையில் சிவப்பு ஒரு வெட்டும் இல்லாமல் ரோசாவானது. ராத்தாவுக்குக் கொடுத்த அதே வகை மொனிட்டர் கடையில் இன்னொன்று இருந்தது. அதைக் கொண்டுவந்து காக்காவின் கார்டிலேயே செருகிப் பார்த்தேன், படி படியாகத்தான் தெரிந்தது. பெட்டியில் பத்து, உள்ளே எட்டு.

சாமான் அனுப்பிய கொழும்புக்காரனுக்குப் போன் எடுத்துக் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்தார். அவன் சிரித்தான். "பத்து எண்டு போட்டாத்தான் சாமான் போகும். கல்முனையில யார் படி எண்ணிப் பாக்கப் போறாங்க?"

கண்ணாடி

எண்ணிப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். அவரைத்தான் நான் குருடாக்கி அனுப்பியிருந்தேன். நன்றாகப் பரிசோதித்த வேறு மொனிட்டரைத் தூக்கிக்கொண்டு மருதமுனைக்குப் போனேன். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார் ராத்தா.

கொண்டுபோன மொனிட்டரில் முந்தானையைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார், திரும்பவும் கழற்றினார். கண்ணாடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் ஒரு படியும் இல்லை. அவர் சொன்னார்: "ஓடர் போனா இன்னொண்டு வரும். நூல் நிறம் பாக்கவும் பயந்து இருந்தன் தம்பி, இவ்வளவு நாளும். பெட்டிய நம்பின நீங்க என்ட கண்ண ஒரு தடவ நம்பியிருக்கலாமே?"

நூறு கோடி நிறத்துக்குப் பொறுப்பு நின்ற நான், இப்போதெல்லாம் புது மொனிட்டர் வந்தால் பெட்டியை வாசிப்பதில்லை, பார்த்துச் சொல்ல ராத்தாவைக் கூட்டிவர ஓட்டோ அனுப்புகிறேன்.