மதிலுக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர்

போன வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டு மோட்டார் ஓடவில்லை. சரோஜா அக்கா ஒருநாளும் நேரம் தவறாதவர். இன்றைக்கு மாட்டிக்கொண்டார் என்று கிண்டல் செய்ய மதிலோரம் ஓடினேன். அவர் வீட்டில் வாடகைக்கு இருக்கிற பிள்ளை ஒருவன்தான் வெளியே வந்தான். "அம்மா எந்திரிக்கல, ஓனரக்கா" என்றான். தூக்கத்திலேயே போய்விட்டார்.

அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரகடத்துக் கம்பெனிகளுக்கு வேலைக்கு வரும் தெற்கத்திப் பிள்ளைகளுக்கு ரூம் விடுவதுதான் பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் இருவருக்கும் பிழைப்பு. போர் போடும்போது, உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிற ஒரே ஆளைத்தான் இருவரும் கூப்பிட்டோம். எனக்கு மதிலுக்கு இந்தப் பக்கம் காட்டினார், அக்காவுக்கு அந்தப் பக்கம். அடியில் இருந்தது ஒரே தண்ணீர். அக்கா மட்டும் கொஞ்சம் ஆழமாகப் போட்டிருந்தார்.

நான் 'இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர்' என்று போர்டு மாட்டினேன். அவர் வீட்டில் காலையும் மாலையும் அரை மணி நேரம்தான். ஆனாலும் ஆள் வந்து முதலில் நிரம்புவது அவர் ரூம்கள்தான். வாளி வரிசையில் பிள்ளைகளோடு அவர் சிரிக்கிற சத்தம் என் அடுப்படி வரை கேட்கும். அவரை 'அம்மா' என்பார்கள், என்னை 'ஓனரக்கா'. எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

போன கோடையில் என் போர் வற்றியது. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காலி செய்தார்கள். இன்னும் ஆழம் போட வண்டியை வரவழைத்தேன். அக்கா வந்து வண்டியை மறித்து நின்றார்.

"இன்னாடி மல்லிகா, எவ்ளோ தூரம் போவ?"

"உங்களுக்கும் கீழ போவேன், யக்கா."

"போ. அப்பால நான் உனக்குக் கீழ வரேன். பாதாளத்துல குந்திகினு ரெண்டு பேரும் சண்ட போடலாம். தண்ணி மட்டும் இருக்காது."

வண்டிக்காரரே சிரித்துவிட்டார். அன்று சாயங்காலம் மதில்மேல் அவர் மோட்டாரிலிருந்து ஒரு பைப் வந்து விழுந்தது. "அந்த போர்டக் கழட்டு. இனிமே என் நேரம்தான் உனக்கும்" என்றார். கொடுப்பதிலும் அவரே ஜெயித்தார். அன்று முதல் என் வீட்டுப் பிள்ளைகளும் மதிலை எட்டிப் பார்த்து அவரை 'அம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இதைப் போய் யாரிடம் சொல்ல!

வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்காவின் உடலை எடுத்துப் போனதும் வீடு கழுவ வேண்டும். அவர் மோட்டார் சுவிட்சில் கை வைத்தேன்.

"போடாதீங்க ஓனரக்கா. இன்னும் நேரம் ஆகல. அம்மா ஏசுவாங்கல்லா" என்றான் அதே பிள்ளை.

திரும்பிப் பார்த்தேன். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். ஒருவரும் குளித்திருக்கவில்லை. முந்தின நாள் மாலை பிடித்துவைத்த தண்ணீர் அவரவர் வாளியில் அப்படியே இருந்தது. அதை ஊற்றி ஊற்றித்தான் அக்காவின் வீட்டைக் கழுவினேன். அழுகையோடு பொறாமையும் வந்தது. நான் போகிற அன்று எத்தனை வாளி வரும்?

மாலை ஆறு மணிக்கு மோட்டாரைப் போட்டேன். அரை மணியில் நானே நிறுத்தினேன். என் வாளி பாதிதான் நிறைந்திருந்தது.

போய் வாருங்கள், யக்கா. இந்த வரிசையிலும் நீங்கள்தான் முந்திக்கொண்டீர்கள்.