காலால் ஓட்டிய நெல்லும் நகராத அத்தியாயமும்

சித்திரை வெயிலில் உத்திரமேரூர்ப் பக்கம் போவானேன் என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நாவலின் கடைசி அத்தியாயம் நகரவில்லை, அதனால் நான் நகர்ந்தேன். மாதக் கடைசிக்குள் தராவிட்டால் இந்த வருடப் பட்டியலில் புத்தகம் கிடையாது என்று பதிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார். பாக்கி ஒரே ஒரு காட்சி. அம்மா இறந்த பிறகு வீட்டைப் பிரித்துக்கொள்ள வரும் அக்காவும் தங்கையும் நேருக்கு நேர் பேச வேண்டும். இரண்டு மாதமாக இருவரும் வாயைத் திறக்கவே இல்லை. உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு இடுப்பு போனதுதான் மிச்சம்.

எனக்கு நடந்தால்தான் எழுத்து வரும். அதுவும் மொட்டைமாடியில் நடந்தால் வராது, முன்பின் தெரியாத ஊராக இருக்க வேண்டும். என்னைப் போல யாராவது இருந்தால் இந்த வழி உங்களுக்குத்தான்.

தாம்பரத்தில் காலை ஆறு மணிக்கு மின்ரயில். செங்கல்பட்டுக்குப் பத்து ரூபாய். அங்கிருந்து உத்திரமேரூருக்குப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. பேருந்து நிலையத்துக்கு எதிரில் இட்லி, வடை, காபி எல்லாம் சேர்த்து அறுபது ரூபாய், சட்னி சுமார். குடவோலைக் கல்வெட்டு இருக்கும் கோயில் நடக்கிற தூரம்தான், அதை முதலில் பார்த்துவிடுங்கள். ஊர்ச் சபையில் உட்கார யாருக்குத் தகுதி இல்லை என்பதைச் சுவர் முழுக்கத் தயவு தாட்சண்யம் பார்க்காமல் வெட்டி வைத்திருக்கிறார்கள். எழுதினால் இப்படி எழுத வேண்டும் என்று பொறாமையாக இருந்தது.

அப்புறம் சாலவாக்கம் பக்கம் போகிற டவுன் பஸ். பெண்களுக்குக் காசில்லை, ஆனால் சீட்டு உண்டு.

"எங்கம்மா?" என்றார் நடத்துநர்.

"ஏரி இருக்கிற ஊர் ஏதாவது."

"ஏரி இல்லாத ஊரு இங்க எங்கக்கீது? ஒரு பேரு சொல்லும்மா, டிக்கெட்டு கியிக்கணும்."

வாயில் வந்த பேரைச் சொல்லி இறங்கினேன். அந்தப் பேரை இங்கே எழுத மாட்டேன். கீழே வரப்போகிற இரண்டு பெண்களும் படித்தால் என்னை உதைப்பார்கள்.

ஊரை ஒட்டிய தார்ச்சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. அறுவடைக் காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் இப்படித்தான். வண்டிக்காரர்கள் ஒதுங்கித்தான் போக வேண்டும். தலையில் துண்டு போட்ட ஒரு அக்கா நெல்லுக்குள் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்துகொண்டிருந்தார். பேர் கஸ்தூரி. அடி நெல் மேலே வர, அப்படிக் காலால் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

"இன்னாம்மா, சும்மா வேடிக்க பாத்துக்கினு கீற? செருப்ப கழட்டிட்டு ரெண்டு நடை ஓட்டேன். எனுக்கு மூட்டு வலி தாங்கல."

நடக்கத்தானே வந்தேன்? இறங்கிவிட்டேன். சாலையின் நடுவே சின்னச் சின்னக் கற்கள் வரிசையாக இருந்தன. "கல்லுக்கு இந்தாண்ட பொன்னி, என்னுது. அந்தாண்ட குண்டு நெல்லு, அவுங்களுது" என்றார். அவுங்க என்பது நாலடி தள்ளி நின்ற மல்லிகா, கஸ்தூரியின் ஓரகத்தி. அண்ணன் தம்பியைக் கட்டிய இருவருக்கும் இரண்டு போகமாகப் பேச்சு இல்லை. ஆனால் பேசாமலும் இல்லை.

"ஏம்மா, அவுங்க கோணி எங்க நெல்லு மேல கெடக்குது, எடுத்துக்க சொல்லு" என்றார் கஸ்தூரி.

"காயட்டும், எடுத்துக்கறேன்னு சொல்லும்மா."

ரெண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கிறது. இருந்தாலும் நான் ஒரு வார்த்தை விடாமல் எடுத்துச் சொன்னேன். சிரிப்பை அடக்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

நெல் சுடச்சுட இருந்தது. போய் வந்து, போய் வந்து, மனசு அந்த அத்தியாயத்துக்குள் போய்விட்டது. தங்கை என்ன கேட்பாள்? அக்கா என்ன சொல்வாள்? யோசித்தபடியே கற்களைத் தாண்டிவிட்டேன் போலிருக்கிறது. குண்டு நெல்லைப் பொன்னியிலும் பொன்னியைக் குண்டிலும் இழுத்துவிட்டபடி நடந்திருக்கிறேன்.

"ஐயய்யோ! இன்னா இது! கலந்துட்டாளே!"

ரெண்டு பேரும் ஓடி வந்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. கலந்த நெல்லை எவரும் நல்ல விலைக்கு வாங்க மாட்டார்கள். ஆனால் திட்டு எனக்கு வந்தது கொஞ்சம்தான்.

"ரோட்டுல போறவள எதுக்கு எறக்கி வுட்ட? ஒரு வார்த்த என்னாண்ட கேட்டியா?" மல்லிகா நேராகக் கஸ்தூரியைப் பார்த்துக் கத்தினார்.

"நீ என்னாண்ட இன்னா கேட்ட? நான் ஆஸ்பத்திரில கெடந்தப்போ ஒரு வாய் கஞ்சி எடுத்தாந்தியா?"

"எடுத்தாந்தேன்! வாசல்ல ஒன் பொறந்த வூட்டு சனமெல்லாம் நின்னுக்கினு என்ன ஒரு மாதிரி பாத்துது. அப்படியே திரும்பிட்டேன்."

கஸ்தூரி தலைத் துண்டை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "இத அப்பவே சொல்றதுக்கு இன்னா உனுக்கு?" என்றார். குரலில் கோபம் இருந்தது, ஆனால் பழைய கோபம் இல்லை.

அந்த வெயிலில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா போனதிலிருந்து நானும் என் அக்காவும் இப்படித்தான். எது சொல்வதானாலும் என் கணவர் வழியாகத்தான். என் நாவலின் சகோதரிகளும் வக்கீல் வழியாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். எழுத்து வராமல் இல்லை. நேராகக் கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம் எனக்கு.

கலந்தது ஒரு முழ அகலம்தான். அதைத் தனியே கூட்டிக் கோழிக்கு என்று முடிவானது. நானே கூட்டினேன். அதற்காக ரெண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. கிளம்பும்போதுகூட யார் மாடு யார் வைக்கோலைத் தின்றது என்று கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் என்னை யாரும் தூது விடவில்லை.

திரும்பும் பேருந்தில் செல்போனிலேயே அத்தியாயத்தை அடித்து முடித்துவிட்டேன். விரல் நிற்கவே இல்லை.

போகிறவர்களுக்கு: பதினோரு மணிக்குள் நடந்து முடியுங்கள், பிறகு தார் சுடும். தண்ணீர் இரண்டு லிட்டராவது வேண்டும். சாப்பாட்டுக்கு உத்திரமேரூருக்கே திரும்பிவிடுங்கள். மத்தியானம் டவுன் பஸ் குறைவு என்பதால் திரும்பும் வண்டி எப்போது என்று நடத்துநரிடமே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. சாலையில் நெல் காய்ந்தால் காலை வைக்குமுன் யாருடையது என்று கேளுங்கள். எழுதுகிறவர்களுக்கு ஒன்று: எழுத்து நின்றுபோனால் சொல்லுக்குப் பஞ்சம் என்று நினைக்காதீர்கள். எந்தக் கேள்வியைக் கேட்காமல் தப்பித்துக்கொண்டிருக்கிறோம் என்று பாருங்கள்.

அத்தியாயத்தைப் பதிப்பாளருக்கு முன் அக்காவுக்கு அனுப்பினேன். ராத்திரி முழுக்கப் பதில் இல்லை. காலையில் அவளே கூப்பிட்டாள்.

"படிச்சேன். தங்கச்சி பேசறதெல்லாம் சரி. பெரியவ பேசறதுதான் பாதியிலேயே நிக்குது. மீதி உனக்குத் தெரியாதுடி. நான் சொல்றேன், எழுதிக்கோ."